பிரிண்ட் செட்டா, அக்ரிலிக் செட்டா: எது சரியாகப் பொருந்துகிறது என்று அளப்பது எப்படி

"டிஜிட்டல் செட் என்றால் அச்சொட்டாகப் பொருந்தும்" என்று கொழும்பில் பல் செட் கட்டப் போகிறவர்களிடம் இப்போது சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பொருந்தலாம், ஆனால் அளந்தால்தான் தெரியும். கம்பியூட்டரில் வடிவமைத்து 3D பிரிண்டரில் ரெசினால் (ஒளியில் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) அடிக்கிற செட்டையும், அச்சுப்பெட்டியில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைக்கிற பழைய முறைச் செட்டையும்தான் இங்கே ஒப்பிடுகிறோம். வாயில் போட்டுவிட்டு "இறுக்கமா இருக்கு" என்பது அளவு இல்லை, எச்சிலும் ஈறின் மென்மையும் அதற்குள் கலந்துவிடும். லேப்பில் வேலை செய்கிறவர்களும் படிக்கிறவர்களும் இப்படிச் செய்து பார்க்கலாம்.

வாயின் அச்சு வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரியில் எடுத்ததோ வெள்ளவத்தை கிளினிக்கில் எடுத்ததோ, இரண்டு செட்டும் அந்த அச்சில் வார்த்த ஒரே பிளாஸ்டர் மொடலில் இருந்து வர வேண்டும். அந்த மொடலை முதலிலேயே ஸ்கேன் பண்ணி வையுங்கள், ஏனென்றால் அக்ரிலிக் வெந்த பிறகு பிளாஸ்க்கை (அந்த அச்சுப்பெட்டியை) திறக்கும்போது மொடல் உடைந்துவிடும், பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு முறையிலும் ஒரு செட் போதாது, சிலவாவது செய்யுங்கள். மொடலுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்பது ஒரு கேள்வி, செட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது வேறு கேள்வி.

அக்ரிலிக் வேகும்போது கன அளவில் 7% வரை சுருங்கும். மேல் செட்டில் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் அண்ணத்தின் பின்பக்க நடுவில், செட் மொடலை விட்டு மெல்ல எழும்பி நிற்பதாகத் தெரியும். பிரிண்டில் வேறு தொல்லை: 50 அல்லது 100 மைக்ரோன் படைகள், எந்தச் சாய்வில் அடித்தீர்கள், ஒழுங்காகக் கழுவினீர்களா, கடைசியில் ஒளியில் எவ்வளவு நேரம் இறுக்கினீர்கள் என்று எல்லாமே கணக்கு. பிரிண்ட் ஆகும்போது செட்டைத் தாங்குகிற சப்போர்ட் குச்சிகளை ஈறு படும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. நடுவில் கரண்ட் போய் நின்ற பிரிண்டையும் இதில் சேர்க்காதீர்கள்.

முடிந்த செட்டுகளை ஒரே அளவு நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள், அக்ரிலிக் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் விரியும். அப்புறம் ஈறுப் பக்கத்தை ஸ்கேன் பண்ணுங்கள். பளபளப்பை மறைக்க ஸ்கேன் ஸ்பிரே அடித்தால் மெல்லிசாக அடியுங்கள், அந்தப் பூச்சின் தடிப்பும் அளவுக்குள் வந்துவிடும். கிளவுட்கொம்பேர் என்ற மென்பொருள் இலவசம், மொடல் ஸ்கேனையும் செட் ஸ்கேனையும் அதில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, வித்தியாசத்தை நிறத்தால் காட்டும் நிறப்படம் எடுக்கலாம்.

அநேகம் பேர் ஏமாறுவது இங்கேதான். மென்பொருள் இரண்டையும் தானாகப் பொருத்தும்போது பிழையை எல்லாப் பக்கமும் பங்கு போட்டுவிடும், அதனால் பின்னால் இருக்கிற பெரிய இடைவெளி சின்னதாகத் தெரியும், சராசரி எண்ணும் அழகாக வரும். அந்த ஒற்றை எண்ணை நம்பாமல் அண்ணத்தின் பின் விளிம்பு, ஈறு மேடு, ஓரங்கள் என்று வெட்டி வெட்டிப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே அழுத்தம் என்று கூட்டல் கழித்தல் குறியையும் கவனியுங்கள். அழுத்துகிற இடம்தான் நாளைக்குப் புண்ணாகும்.

ஸ்கேனர் இல்லையா? மொடலின் நகல் ஒன்றுக்கும் செட்டுக்கும் நடுவில் இளக்கமான சிலிகோன் விட்டு, எல்லாச் செட்டுக்கும் ஒரே பாரம் வைத்து அமத்தி, இறுகியதும் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சிலிகோன் எங்கே தடிப்போ அங்கே செட் தூக்கி நிற்கிறது.

பொதுவாக, ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக் கட்டியில் இருந்து மெஷினால் கடைந்தெடுக்கிற செட்தான் பொருத்தத்தில் முன்னுக்கு நிற்கும், சுருங்க வேண்டியது அதில் முன்பே சுருங்கிவிட்டது. பிரிண்டுக்கும் பழைய முறைக்கும் நடுவில் அப்படி ஒரே பதில் இல்லை, ரெசினையும் சாய்வையும் பொறுத்து மாறும். கடைசியில் வாயில் பார்க்கும்போது மேல் முன்பற்களை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். செட் உடனே கழன்று விழுந்தால் பின் விளிம்பு காற்றுப் புகாமல் அடைக்கவில்லை, நிறப்படத்தில் அந்த இடத்தை மறுபடி பாருங்கள்.