ஒளி வருகிறது, தரவு சிதைகிறது: ஒளியிழை இணைப்பில் வழுவின் காரணத்தைக் கண்டறியும் முறை

ஒளியிழை அறுந்துவிட்டால் வேலை நேரானது. அறுந்த இடத்தைத் தேடிப்போய் ஒட்டிவிடலாம். கருவியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, பாடசாலையின் காணொளி வகுப்பு மட்டும் அடிக்கடி உறைந்துபோகும் இணைப்புத்தான் தொழில்நுட்பவியலாளரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும். இலங்கையின் வடக்கில் ஏ9 வீதியோரமாக நீண்ட தூரம் ஓடி, மாங்குளத்திலோ பரந்தனிலோ கிளை பிரிந்து, பற்றைக்காடுகளுக்கு இடையே கம்பங்களில் தொங்கிச் செல்லும் கேபிளில் தவறான இடத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பினாலே வன்னியில் அரைநாள் கழிந்துவிடும். ஆகவே புறப்படும் முன்னர், வழுக்கள் எப்போது, எப்படி வருகின்றன என்பதைப் படிப்பதே முதல் வேலை. ஒளி வலுவை அளப்பது அதற்கு அடுத்தது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வலையமைப்புச் சுவிட்ச் என்றால் அதன் போர்ட்டில் பதிவாகும் சீ.ஆர்.சீ வழு (சிதைந்து வந்த தரவுச் சட்டகங்கள்) எண்ணிக்கையையும், ஒரே இழையைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கும் ஜீபொன் வலையமைப்பு என்றால் பீ.ஐ.பீ வழு (சரிபார்ப்புப் பிட்டுகள் பொருந்தாதவை) எண்ணிக்கையையும் எடுங்கள். எண்ணியைப் பூச்சியமாக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பை எழுதுங்கள். இரவு பகலென்று சீராகக் கசியும் வழு, ஒளிக் குறைவு, அழுக்கான கனெக்டர், நிறப்பிரிகை (அலைநீளத்துக்கு ஏற்ப ஒளியின் வேகம் மாறித் துடிப்புகள் அகல்வது) போன்ற நிலையான காரணங்களைக் காட்டும். பல மணி நேரம் பூச்சியமாக இருந்துவிட்டுச் சில செக்கன்களுக்குள் ஆயிரக்கணக்கில் குவியும் வழு, ஏதோ அசைகிறது என்று சொல்கிறது: காற்றில் ஆடும் கேபிளாக இருக்கலாம், சரியாகப் பூட்டாத கனெக்டராக இருக்கலாம், தளம்பும் மின்வழங்கலாகவும் இருக்கலாம். மாரி தொடங்கிய பின் மெல்ல மெல்லக் கூடினால், இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜீ.826 பரிந்துரை வழுவுள்ள செக்கன்களையும் கடும் வழுவுள்ள செக்கன்களையும் பிரித்துக் கணக்கிடுவதன் பயன் இங்கேதான் தெரியும்; தொடர்ச்சியாக 10 கடும் வழுச் செக்கன்கள் வந்தால் அவற்றில் முதலாவது செக்கனிலிருந்தே இணைப்பு கிடைக்காத நேரத்தில் இருப்பதாகவே அது கொள்கிறது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இவையெல்லாம் மறைந்துவிடும்.

பிட் வழு விகிதத்துக்கு வழமையாகக் கேட்கப்படும் எல்லை, ஒரு இலட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒரு வழு என்பதாகும். செக்கனுக்கு 10 கிகாபிட் வேகத்தில் இது 100 செக்கனுக்கு ஒரு வழு. அந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்று 95 வீத நம்பிக்கையுடன் சொல்ல, ஒரு வழுவும் இல்லாமல் 300 செக்கன்கள் ஓட வேண்டும். 1 கிகாபிட் இணைப்பில் அதே உறுதிக்கு 50 நிமிடங்கள் தேவை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 1 கிகாபிட் இணைப்பைச் சரியென்று எழுதிக் கையொப்பமிடுவது சோதனை ஆகாது. இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வெப்ப இரைச்சல் மேலோங்கும் சாதாரண ஒளிவாங்கி (ஒளியை மின் சமிக்ஞையாக்கும் பாகம்) இந்த எல்லையில் நிற்கும்போது, ஒளி வலு 1 டெசிபெல் குறைந்தாலே வழு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகப் பெருகும். நேற்று நன்றாக இருந்த இணைப்பு இன்று கெட்டுப்போவதற்குப் பெரிய சேதம் எதுவும் தேவையில்லை.

வலுவை அளக்கும் முன், எவ்வளவு வரவேண்டும் என்று கணக்கிடுங்கள். 12 கிலோமீற்றர் இழை 1310 நானோமீற்றரில் கிலோமீற்றருக்கு 0.35 டெசிபெல் என்ற கணக்கில் 4.2 டெசிபெல், 32 வழிப் பிரிப்பான் ஏறத்தாழ 17, நான்கு கனெக்டர்கள் 2, ஆறு ஒட்டுகள் 0.6, மொத்தம் 23.8 டெசிபெல். ஜீபொன் கருவிகளின் பீ பிளஸ் எனும் இழப்பு வகுப்பு தாங்கும் 28 டெசிபெலில் எஞ்சுவது 4.2. அளந்த இழப்பு கணக்கிட்ட 23.8-ஐ விட 3 டெசிபெல் கூடுதலாக இருந்தால், வரவேண்டிய ஒளியில் பாதியை வழியில் எங்கோ இழந்திருக்கிறீர்கள், கருவி இன்னும் வேலை செய்தாலும் சரி.

அந்தப் பாதி எங்கே போனது என்பதை இரண்டு அலைநீளங்களில் அளந்து அறியலாம். இழை வளைந்தால் 1550 நானோமீற்றரில் இழப்பு 1310-ஐ விட மிக அதிகமாக இருக்கும்; அழுக்கோ மோசமான ஒட்டோ என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடும். ஒருமுறை நான் ஒரு நீண்ட இணைப்பின் ஒளித் தொகுதியை (ஒளியை அனுப்பி வாங்கும் பாகத்தை) இரண்டு தடவை மாற்றியும் வழு நிற்கவில்லை. பிறகுதான் இரண்டிலும் அளந்தேன்: 1310-இல் கணக்குக்குப் பொருந்தியது, 1550-இல் 4 டெசிபெல் கூடுதல். வீதியோரப் பெட்டியைத் திறந்தபோது, மஞ்சள் இழை ஒன்றின்மேல் பிளாஸ்டிக் கட்டு இறுக்கி இழுக்கப்பட்டு, உறை நசிந்து, பெருவிரல் நகத்தின் வளைவுக்கு மடிந்திருந்தது. கட்டை வெட்டி இழையை அகல வளையமாகச் சுற்றிவிட்ட கணமே வாசிப்பு மீண்டது. சேவையில் இருக்கும் ஜீபொன் இழையில் இந்தச் சோதனையை அப்படியே செய்யக்கூடாது. 1310 அங்கே வீடுகளிலிருந்து திரும்பும் சமிக்ஞையின் அலைநீளம், அதைக் குழப்பிவிடுவீர்கள். அதற்கு 1625 அல்லது 1650 நானோமீற்றரில் இயங்கும், வடிகட்டி பொருத்திய ஓ.டீ.டீ.ஆர் கருவி (துடிப்பு அனுப்பித் திரும்பும் ஒளியால் இழப்பின் இடத்தைக் காட்டுவது) வேண்டும்.

இரண்டிலும் இழப்பு ஒத்திருந்தால் கனெக்டர்களுக்குப் போங்கள். ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீற்றர். கோடையில் கச்சான் காற்று வீசும்போது பெட்டிக்குள் புகும் செம்புழுதியின் ஒரு துகள் அதை மூடப் போதும். கனெக்டரின் முகத்தை வீடியோ நுணுக்குக்காட்டியில் பாருங்கள், வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும். உலர் துப்புரவுக் கருவியால் துடைத்து, மறுபடி பார்த்து, அதன் பிறகே பொருத்துங்கள். எதிர்ப்பக்கத்து முகத்தையும் துடைக்க மறக்கவேண்டாம். அழுக்கு அங்கிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். பச்சைக் கனெக்டரின் முகம் 8 பாகை சரிந்தது, நீலத்தினது சரியாதது. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் இழப்பும் தெறிப்பும் சேர்ந்தே வரும்.

வவுனியா–கிளிநொச்சி போன்ற நீண்ட பாதையில் 10 கிகாபிட் ஓட்டுவோர் நிறப்பிரிகையையும் கணக்கிட வேண்டும். சாதாரண ஜீ.652 இழையில் 1550 நானோமீற்றரில் அது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 17 பிக்கோசெக்கன்/நானோமீற்றர். 80 கிலோமீற்றர் இழைக்கு 1360. அந்தத் தூரத்துக்கான ஒளித் தொகுதிகள் பொதுவாக 1600 அளவில் கைவிட்டுவிடும் என்பதால், மாற்றுப் பாதையில் சுற்றிப் போகும் இழை எல்லையைத் தாண்டக்கூடும். அப்போது வலு தாராளமாக இருந்தாலும் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து வழு வரும்; ஒளிப் பெருக்கி சேர்ப்பது அதைத் தீர்க்காது, தன் இரைச்சலையும் சேர்க்கும். தேவைப்படுவது பிரிகை ஈடுசெய்யும் தொகுதி. வேகத்தை 2.5 கிகாபிட்டாகக் குறைத்தால் தாங்கும் பிரிகை 16 மடங்காகும் என்பதால், காரணம் இதுதானா என்று சோதிக்க அதுவும் ஒரு வழி.

வழு திருத்தும் குறியீடு இயங்கும் இணைப்புகளில், திருத்தப்படாத வழுவுக்காகக் காத்திராமல் திருத்தப்பட்ட வழுவின் எண்ணிக்கையை வாராவாரம் எழுதுங்கள். பாவனையாளர் உணரும் முன்னரே அது ஏறத் தொடங்கும்.

திருத்தம் முடிந்ததும் எண்ணியைப் பூச்சியமாக்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலை வாசிப்பையும் இரண்டு அலைநீள இழப்புகளையும் திகதியுடன் ஒரு மட்டையில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அடுத்த மாரியில் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் இருக்கும்.