ஓடும் ரோதைக்கு முன்னால் எறிதல்

அசையாத தகரப்பேணிக்குக் கல்லெறிந்து பழகிய பிள்ளை, ஓடும் இலக்குக்கு எறியத் தொடங்கும்போது, எறிந்தவை எல்லாம் அதன் பின்னாலேயே விழும். தென்சூடான், கொங்கோ ஜனநாயகக் குடியரசு, மத்திய ஆபிரிக்கக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளிலும் பரவி வாழும் ஸாண்டே மக்களின் வேட்டை முறைகளுள் ஒன்று, வலைகளைக் கட்டி, விலங்குகளை அவற்றை நோக்கி விரட்டி, ஈட்டியால் வீழ்த்துவதாகும். விரட்டப்படும் விலங்கு நிற்பதில்லை. ஆகவே அது இருக்கும் இடத்தை விட்டு, வரப்போகும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தை நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய சைக்கிள் டயரைக் கொண்டே ஊட்டிவிடலாம்.

முதலில் கம்பைத் தேர்ந்தெடுங்கள். கவ்வாத்து மலையில் மிலாறு (வெட்டிவிட்ட தேயிலைக் கிளைகள்) தாராளமாகக் கிடைத்தாலும், அது கோணலாக இருப்பதால் காற்றில் திசைமாறும். அடுப்புக்கு மட்டுமே உதவும். நேரான கொய்யாக் கம்பையோ மெல்லிய மூங்கிலையோ பிள்ளையின் தோள் உயரத்துக்கு வெட்டி, முன்முனையில் பழந்துணியைத் தடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள். துணி அடியின் வேகத்தைக் குறைக்கும்; முன்பக்கம் கனமாவதால் கம்பு நேராகவும் பறக்கும். பிறகு கம்பை ஒரு விரலின்மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டு அங்கே கரியால் அடையாளமிடுங்கள்; பிடிக்க வேண்டிய இடம் அதுவே.

டயரை உருட்டுபவர் ஒரு பக்கமாக நிற்க, எறிபவர்கள் அது ஓடும் பாதையிலிருந்து பதினைந்து அடி தள்ளி, எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வலக்கையால் எறிபவர் இடக்காலை முன்வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கையைக் காதுக்கு மேலாகக் கொண்டுவந்து எறிவார். டயர் நொடிக்குப் பத்து அடி ஓடுவதாகவும், கம்பு நொடிக்கு முப்பது அடி பறப்பதாகவும் கொண்டால், கம்பு அந்தப் பதினைந்து அடி தூரம் போய்ச் சேர அரை நொடியாகும். அதற்குள் டயர் ஐந்து அடி நகர்ந்துவிடும். எனவே ஐந்து அடி முன்னால் எறிய வேண்டும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, டயருக்கு முன்னால் ஐந்து அடியில் ஒருவரைக் கற்பனையாக ஓடவிட்டு, "அவருக்கு எறி" என்று சொல்வது விரைவில் பலிக்கும் என்பது என் எண்ணம்.

சமதரையில் பத்துக்கு நான்கு பட்டால், சரிவுக்கு மாறலாம். மலைச்சரிவில் டயரின் வேகம் போகப்போகக் கூடுவதால், முன்னால் விடும் தூரத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) கொழுந்து பறிப்பவர்களுக்கும் எதிர்த்திசையிலேயே எறிய வேண்டும். எல்லாக் கம்புகளும் விழுந்த பின்னரே எவரும் பொறுக்கப் போகலாம். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்தில் புல் வழுக்கும், அட்டையும் ஏறும்; சனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களே இதற்கு ஏற்றவை.

இது கைவந்தவர்களுக்கு முழநீளக் கம்பைச் சுழற்றி எறியப் பழக்கலாம். முற்காலத்தில் ஸாண்டே வீரர்கள் எறிந்த 'கிபிங்கா' என்ற பல அலகு எறிகத்தி சுழன்று போனதால், ஏதாவது ஓர் அலகு இலக்கில் படக்கூடியதாக இருந்தது. சுழலும் கம்பும் அதுபோல அகலமான பாதையை வாரிச் செல்லும். ஆனால் அது எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாததால், எறிபவர்களுக்கு இடையே பத்தடி இடைவெளியாவது விடுங்கள்.