வீட்டுப் பள்ளிக்குக் கறுப்பினச் சிறுவர் நூல்களையும் வரலாற்றையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் குடும்பங்கள் பலவும், கறுப்பின வரலாறு என்றதும் அடிமை முறையைப் பற்றிய புத்தகத்தைத்தான் முதலில் எடுக்கின்றன. இந்த வரிசையை மாற்றுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை புத்தகத்தில் முதன்முதலாகப் பார்க்கும் கறுப்பின முகம் சங்கிலியோடு இருந்தால், அந்தப் படம் மனதில் அப்படியே தங்கிவிடும். முதலில் சாதாரண நாட்கள் வரட்டும். பனியில் விளையாடும் பையன் (‘தி ஸ்னோவி டே’, 1962), ராத்திரி மொட்டைமாடியில் படுத்தபடி ஊருக்கு மேலே பறக்கும் சிறுமி (‘தார் பீச்’, 1991), முடிவெட்டிக்கொண்டு ராஜாவைப் போல எழுந்து வரும் பையன் (‘கிரௌன்’, 2017): தொடங்க இந்த மூன்றும் போதும். துயரத்தைச் சொல்லும் புத்தகம் ஒன்று அலமாரிக்கு வந்தால், இப்படிச் சாதாரண நாளைச் சொல்வது இரண்டு வர வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எழுதியவர் யார் என்று பாருங்கள். ‘தி ஸ்னோவி டே’யை எழுதி வரைந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ் வெள்ளையர். நல்ல புத்தகம்தான், அலமாரியில் இருக்கட்டும். ஆனால் அலமாரி முழுக்க அப்படியே அமைந்துவிடக் கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985இல் எண்ணிப் பார்த்தபோது, அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ படைத்தவை 18 மட்டுமே. பழைய புத்தகக் கடையிலும் தானமாக வரும் பெட்டிகளிலும் இந்தக் குறை இன்றும் கண்ணில் படும். அதனால் கையில் கிடைத்ததை வாங்காமல், பட்டியல் வைத்துத் தேடுங்கள்.

அதற்கு நம்பகமான பட்டியல் கொரெட்டா ஸ்காட் கிங் விருதுப் பட்டியல். 1970 முதல் தரப்படும் இந்த விருது, கறுப்பின எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் தனித்தனியாக உண்டு. வென்ற நூல்களோடு கௌரவப் பட்டியலையும் பாருங்கள். பத்தாண்டுக்கு இரண்டு என்று பொறுக்கினாலே ஓராண்டுக்கான அடித்தளம் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டியலில் மழலையர் படக்கதையும் பதினாறு வயதினருக்கான நாவலும் கலந்தே இருக்கும். நூலகப் பட்டியலில் வயதைச் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

வரலாற்று நூலைப் பின்னாலிருந்து திறப்பது நல்லது. கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் குறிப்பு இருக்கிறதா, எது ஆதாரமுள்ளது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிறகு பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அதன்பின் உங்களுக்கு விடை தெரிந்த ஓரிடத்தில் புத்தகத்தைச் சோதியுங்கள். இதற்கு, தானும் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, பிறகு மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மன் மிகப் பொருத்தமானவர். அவர் 19 முறை தெற்கே போய் 300 பேரை மீட்டார் என்று ஒரு புத்தகம் சொன்னால், 19ஆம் நூற்றாண்டில் சாரா பிராட்ஃபோர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மிகைக் கணக்கு அப்படியே கைமாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 பயணம், 70 பேர். அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றில், உள்நாட்டுப் போரின்போது வடக்கு ராணுவப் படகுகளுக்கு அவர் வழிகாட்ட, ஒரே இரவில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலையானது உண்மை. அதை விட்டுவிட்டு 300ஐ மட்டும் சொல்லும் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

ரோசா பார்க்ஸையும் இப்படியே சோதிக்கலாம். கால் வலியால் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்த வயதான பெண்மணியாக அவரைக் காட்டும் படக்கதைகள் நிறைய. 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. பல ஆண்டுகளாகக் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் (NAACP) மான்ட்கமரி நகரக் கிளைக்குச் செயலாளராக இருந்தவர். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி பேருந்தில் எழ மறுத்துக் கைதாகியிருந்தார். போராட்டம் திட்டமிட்டு நடந்தது என்று புத்தகம் சொல்கிறதா, தற்செயல் என்கிறதா? பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடமே அங்கே மாறிவிடும். அடிமைத்தனத்திலிருந்து தப்பிச் செல்பவர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வைகளில் ரகசிய வழி தைத்திருந்தது என்ற கதையும் அழகானதுதான், ஆனால் வரலாற்றாசிரியர்கள் அதற்குச் சான்று காணவில்லை. அதைக் கதையாகவே வாசியுங்கள்.

படங்களையும் விடாதீர்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ், பிறந்தநாள் கேக் செய்தபடி மகளோடு சிரிப்பதாக வந்த ஒரு படக்கதையை, எதிர்ப்பு எழுந்ததும் பதிப்பகம் 2016இல் திரும்பப் பெற்றது. உண்மையில் ஹெர்குலிஸ் 1797இல் தப்பி ஓடிவிட்டார். அப்பாவைப் பார்க்க முடியாதது வருத்தமா என்று கேட்டவருக்கு, அவர் விடுதலையானதில் சந்தோஷம் என்று அவருடைய சின்ன மகள் பதில் சொன்னதாக அன்றைய நாட்குறிப்பு ஒன்றில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு இடமில்லாத எந்தப் படமும் பிள்ளைக்குப் பொய் சொல்கிறது.

இனி வரிசைப்படுத்துவது. நாலேகால் மீட்டர் காகிதச் சுருளைச் சுவரில் ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஓராண்டு என்று 1600 முதல் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் தனித்தாள் ஒன்றை ஒட்டி, 1324இல் மெக்கா சென்ற, மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசர் மன்சா மூசாவை அதில் எழுதுங்கள். வரலாறு அடிமைக் கப்பலில் தொடங்கவில்லை என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். வாசிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டினால், சில மாதத்தில் 1860ஐ ஒட்டியும் (அடிமை முறையின் முடிவு) 1960ஐ ஒட்டியும் (உரிமைப் போராட்டம்) சீட்டுகள் குவிந்து, நடுவே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் காலியாகக் கிடக்கும். பெரும்பாலான வீட்டுப் பாடத்திட்டங்கள் சறுக்கும் இடம் இதுதான்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப நல்ல சரக்கு நிறைய இருக்கிறது. 1870இல் செனட்டுக்குப் போன முதல் கறுப்பர் ஹைரம் ரெவல்ஸ். கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸும் நண்பர்களும் 1920, 1921இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகவே நடத்திய ‘தி பிரவுனீஸ் புக்’ மாத இதழ். தெற்கிலிருந்து சுமார் 60 லட்சம் பேர் வெளியேறிய பெரும் இடப்பெயர்வை ஜேக்கப் லாரன்ஸ் 60 ஓவியங்களாக 1941இல் முடித்தார். நாளுக்கு இரண்டு படம் என்றால் 30 நாள் பாடம். விளக்க வரியை மூடி வைத்துவிட்டு, படத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பிள்ளையையே சொல்லவிடுங்கள்.

பத்து, பதினொரு வயதில் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ (1976) கட்டாயம் வேண்டும். 1933இல் மிசிசிப்பியில் சொந்த நிலம் வைத்திருக்கும் குடும்பத்தின் கதை. முதல் அத்தியாயத்தில், கறுப்பினப் பள்ளிக்கு வந்த பாடநூலின் உள்ளட்டையில் ஒரு அட்டவணை இருக்கும். யார் யாருக்கு, எந்த நிலையில் அந்தப் புத்தகம் போனது என்ற பதிவு. வெள்ளைப் பிள்ளைகள் பயன்படுத்தித் தேய்ந்தபின், 12ஆவது வரியில் ‘மிக மோசம்’ என்ற நிலையில் கறுப்பினப் பிள்ளைக்கு வருகிறது. அங்கே நிறுத்தி, அட்டவணையைத் தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். நாவலில் இனவெறி வசைச்சொல்லும் வன்முறையும் வரும். நீங்கள் முழுவதும் வாசித்தபிறகே பிள்ளையோடு தொடங்குங்கள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம் என்றும், ஏன் என்றும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முன்னாள் அடிமைகளின் நேர்காணல்களை 12 வயதுக்குமேல் தரலாம். 1936 முதல் 1938 வரை எடுக்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்டவை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே உள்ளன. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். எதிரே இருந்த முதியவர் எதைச் சொல்லத் தயங்கியிருப்பார் என்ற கேள்வியோடு, வாரத்துக்கு ஒன்று போதும்.