நண்பரின் டைம்ஷேரை உங்கள் பெயருக்கு மாற்றும் முன்

"எங்களால போகவே முடியல, பாதி விலைக்கு நீயே எடுத்துக்கோ" என்று நண்பர் கேட்டால், உடனே விலை பேச உட்காராதீர்கள். டைம்ஷேர் என்பது ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி, அதன் ரிசார்ட்டுகளில் பல வருடங்களுக்கு வருடம் ஏழு இரவு போலத் தங்கும் மெம்பர்ஷிப். அதில் கழுத்தைப் பிடிப்பது போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணம். நண்பர் சும்மாவே கொடுத்தாலும் அந்தக் கடமை உங்கள் தலைக்கு வந்துவிடும்.

இந்தியாவில் விற்ற மெம்பர்ஷிப்புகளில் பெரும்பாலானவை தங்கும் உரிமை மட்டுமே. ரிசார்ட்டில் ஒரு செங்கல்கூட உங்களுக்குச் சொந்தமாகாது, மனை போல விலை ஏறவும் ஏறாது. 25 வருடத் திட்டத்தில் 15 வருடம் ஓடிவிட்டால் நீங்கள் வாங்குவது மீதி 10 வருடத்தைத்தான். பழைய 99 வருடத் திட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கட்டணம் கட்ட முடியாமல் போனால் எப்படி வெளியே வருவது என்ற பிரிவை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். அப்படி ஒரு பிரிவே இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

முதல் வேலையாக, நண்பரின் பதிவு மின்னஞ்சலிலிருந்தே கம்பெனிக்கு எழுதச் சொல்லுங்கள். முடிவுத் தேதி, சீசன் (எந்த மாதங்களில் தங்கலாம் என்ற வகை), அறை வகை, ஆண்டுக் கட்டண பாக்கி, வாங்கிய கடனில் தவணை மீதி, கையிருப்பில் உள்ள இரவுகள், பெயர் மாற்றக் கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். கூடவே இன்னொரு கேள்வி: பெயர் மாறிய பிறகு எந்தெந்தச் சலுகைகள் நின்றுபோகும்? சேர்த்துவைத்த இரவுகளும், ஆர்.சி.ஐ. என்ற டைம்ஷேர் பரிமாற்ற நிறுவனம் வழியாக வேறு ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் அப்படியே உங்களுக்கு வரும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அடுத்த வருடத்து இரவுகளை நண்பர் முன்கூட்டியே எடுத்துத் தீர்த்திருக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. நண்பருடன் உட்கார்ந்து அவர் கணக்கில் நுழைந்து, நீங்கள் உண்மையாகவே போகக்கூடிய தேதிகளுக்கு அறை தேடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மே மாதம், காலாண்டு, அரையாண்டு லீவு, பொங்கல் ஆகியவைதான் வழி. அந்த நாட்களில் ஊட்டியும் கொடைக்கானலும் சென்னைக்காரர்கள் எல்லோருக்குமே வேண்டும். கூட்டம் குறைந்த மாதங்களுக்கான கீழ் சீசன் மெம்பர்ஷிப்பில் மே மாதம் பெரும்பாலும் திறக்காது. மேல் சீசனாக இருந்தாலும், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே முந்திக்கொள்பவருக்குத்தான் அறை. மூன்று ரிசார்ட், மூன்று வெவ்வேறு வாரம் என்று தேடிப் பாருங்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை.

ஏழு இரவையும் பிரித்து எடுக்கலாமா என்றும் பாருங்கள். பிரிக்க முடிந்தால் ஏலகிரி, ஏற்காடு, புதுச்சேரி என்று காரிலேயே இரண்டிரண்டு நாள் போய்வரலாம். சென்னைவாசிக்கு அதுதான் வசதி. ரயிலில் போகிறவர்கள் அறையை முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஊட்டி, கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போனால் 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும்.

இனி கணக்கு. உதாரணத்துக்கு, நண்பருக்கு 1,00,000 ரூபாய், பெயர் மாற்றத்துக்கு 25,000, மீதி 10 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,500 ஆகிறது. ஆண்டுக் கட்டணம் 20,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 23,600. மொத்தம் 36,100, ஏழு இரவும் போனால் இரவுக்கு 5,157 ரூபாய். நான்கு இரவு மட்டும் போனால் 9,025. ஆண்டுக் கட்டணம் வருடம் 6 சதவீதம் ஏறினால் பத்தாம் வருடம் அதுவே சுமார் 39,900 ஆகிவிடும். இந்த இரவுச் செலவை அதே ரிசார்ட்டில் அதே தேதிக்கு வெளியாள் வரியோடு கொடுக்கும் வாடகையோடு ஒப்பிடுங்கள். ரிசார்ட் தள்ளுபடியில்லாமல் அறிவிக்கும் பலகை விலையோடு ஒப்பிடக் கூடாது; முன்பதிவுத் தளங்களில் கிடைக்கும் உண்மை விலைதான் அளவுகோல். சாப்பாடு இரண்டு பக்கமும் தனிச் செலவு. ஸ்டூடியோ அறையில் தாத்தா பாட்டிக்கு இடமிருக்காது. இன்னொரு அறை எடுத்தால் அந்த வாடகையும் கணக்கில் ஏறும்.

லாபம் நூலிழையில் நின்றால் அவசரப்பட வேண்டாம். விருந்தினரை அனுப்பத் திட்டம் இடம் கொடுத்தால், இந்த வருடம் நண்பரின் விருந்தினராகப் போய்வாருங்கள். அந்த வருடத்துக் கட்டணத்தில் உங்கள் பங்கை அவருக்குக் கொடுத்துவிடலாமா என்பதையும் விதியில் பாருங்கள். இரவுகளைக் காசுக்குக் கொடுப்பதைப் பல திட்டங்கள் தடுக்கின்றன.

எடுத்துக்கொள்வதென்று முடிவானால், பழைய பாக்கியை நண்பர் அடைத்து ரசீது காட்டிய பிறகே மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஆதார், பான், மெம்பர்ஷிப்பின் அசல் சான்றிதழ் தயாராக இருக்கட்டும். சிறு முன்பணம் மட்டும் வங்கி வழியே கொடுத்து, மீதியை உங்கள் பெயரில் உறுதிக் கடிதம் வந்த அன்று கொடுங்கள். பாக்கி யாருடையது, மாற்றம் நிராகரிக்கப்பட்டால் முன்பணம் எப்போது திரும்பும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பு கசக்காமலிருக்க இது அவசியம். நடுவில் யாராவது போனில் "என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் தருகிறோம், வரியை முதலில் கட்டுங்கள்" என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மெம்பர்ஷிப் விற்க நினைப்பவர்களைக் குறிவைக்கும் மோசடி அது.

பெயர் மாறியதும் கைபேசி எண், மின்னஞ்சல், வாரிசு நியமனம் மூன்றையும் புதுப்பித்து, நண்பரின் கார்டில் ஓடும் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கம்பெனியோடு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.