பிள்ளையை பஸ் ஏற்றி அனுப்பினால் போதுமா? எல்லையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், வீட்டார் முதலில் அதை பஸ் ஏற்றிப் பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் புகாரும் அத்தோடு நின்றுபோகும். "நடந்தது கேரளாவில, இங்க யாரு கேஸ் எடுப்பாங்க?" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டுவார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ, 2012ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதேதான். பொள்ளாச்சியிலேயே புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பாமல், ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்கள்தான் மாற்ற வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதும் நடக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தாலே போக்சோ 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது.

அதிகம் பேசப்படாத தவறு மொழியில் இருக்கிறது. பிள்ளை தமிழில் சொல்லும், ஸ்டேஷனில் மலையாளத்தில் எழுதுவார்கள், நாமும் 'மலையாளம் புரியுமே' என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். பேச்சு புரியும், சரி; அந்த எழுத்தைப் படிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் 'மாமா' என்றுதான் கூப்பிடும். அதை 'அம்மாவன்' என்று எழுதிவிட்டால் தாயோடு பிறந்தவர் என்று ஆகிவிடும். வழக்கு வேறு ஆள் மேல் திரும்பும். பிள்ளை சொன்னபடியே பதிய வேண்டும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும் என்பது சட்டம். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், வாக்குமூலத்துக்குப் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியதும் இல்லை. போலீஸ்தான் வீட்டுக்கோ பிள்ளை விரும்பும் இடத்துக்கோ, யூனிஃபார்ம் போடாமல் வந்து எடுக்க வேண்டும்.

குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். எஃப்ஐஆர் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று அங்கே சொல்லவும் முடியாது. வருகிற உறவினருக்கெல்லாம் பிள்ளை வாயால் கதை சொல்ல வைப்பதும், படத்தை வாட்ஸாப்பில் போடுவதும் வேண்டவே வேண்டாம். அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

பராமரிப்பின்றி விடுவது பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. தோட்ட வேலைக்குப் போகிற தாய்மார், 'பிள்ளையைத் தனியே விட்டதுக்கு நம்மையே பிடிப்பாங்களோ' என்று பயந்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கூப்பிடுவதில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டுப் பிள்ளையைத் துன்பப்படுத்துவதைத்தான் குற்றம் என்கிறது. கூலிக்குப் போவதை அல்ல.

1098இல் பேசும்போது ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீனாட்சிபுரம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.