போட்டி ஆணைய விசாரணைக்கு வக்கீலோடு போவது எப்படி?

போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றின, டெண்டரில் கூட்டுச் சேர்ந்தன என்று புகார் வந்து, அதில் முகாந்திரம் இருந்தால், இந்தியப் போட்டி ஆணையம் அதைத் தன் டைரக்டர் ஜெனரலிடம் விசாரணைக்கு அனுப்பும். அங்கிருந்து சம்மன் வந்தால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகலாமா? போகலாம். 2018 மே மாதம் ஓரியன்டல் ரப்பர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஆணையமும் தன் ஒழுங்குமுறை விதிகளில் இதைச் சேர்த்தது.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. சத்தியப்பிரமாணத்தின் பேரில் உங்களிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் வக்கீல் உங்களுக்கு எதிரே உட்காரக் கூடாது. பேச்சு காதில் விழும் தூரத்திலும் இருக்கக் கூடாது. ஜாடை காட்டினாலும் தவறுதான். ஆகவே அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

1. சம்மன் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். சம்மன் விற்பனை மேலாளர் பெயருக்கு வந்திருக்கும். நிறுவனத்தின் வக்காலத்தை (தன் சார்பில் ஆஜராக வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மட்டும் எடுத்துக்கொண்டு வக்கீல் போய் நிற்பார். மேலாளர் கையெழுத்திட்ட தனி வக்காலத்து வேண்டும். விசாரணை தொடங்குமுன் அதைக் கொடுத்து, வக்கீல் உடன் வர எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

2. நீங்கள் ஊழியர் என்றால், நிறுவனத்தின் வக்கீலே உங்களுக்கும் போதுமா என்று நேரடியாகக் கேளுங்கள். போட்டிச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் தனிநபருக்கும் அபராதம் உண்டு. இப்படிக் கூட்டுச் சேர்ந்த வழக்கில், அது நீடித்த ஒவ்வோர் ஆண்டின் வருமானத்திலும் 10 சதவீதம் வரை போகலாம். "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்பது உங்கள் நிலை என்றால் நிறுவனத்தின் நலனும் உங்கள் நலனும் ஒன்றல்ல. தனி வக்கீல் வைத்துக்கொள்வதே நல்லது.

3. வக்கீலோடு உட்கார்ந்து பழைய மின்னஞ்சல், வாட்ஸ்அப், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் தேதிவாரியாகப் படியுங்கள். அதிகாரி காட்டப்போவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். எதையும் அழிக்காதீர்கள். வெளி வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கு எழுதியதற்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

4. தேதி போதவில்லை என்றால் காரணத்தோடு அவகாசம் கேளுங்கள். பேசாமல் இருந்துவிட்டால் நாளொன்றுக்கு 1 லட்சம், அதிகபட்சம் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விழலாம்.

5. கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். நினைவில்லாததை "நினைவில்லை" என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்னால் அதுவும் பதிவாகும். உதவிக்கு வக்கீல் பக்கம் திரும்பாதீர்கள். அவர் குறுக்கிட்டால் அதை அதிகாரி எழுத்தில் பதிந்து ஆணையத்துக்கு அனுப்பலாம்.

6. வாக்குமூலத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்து. அது உங்களுக்கு எதிரான சாட்சியமாகவும் பயன்படலாம். நீங்கள் "இருக்கலாம்" என்று சொன்னது "ஆம்" என்று ஆகியிருந்தால், அங்கேயே சொல்லித் திருத்தி எழுதவையுங்கள்.