மெல்லும் தசைகளும் விழியை அசைக்கும் தசைகளும்: தொட்டுப் பார்த்தே படிக்கலாம்

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் மூளை நரம்புகள் 12 ஜோடி; ஒன்றாம் நரம்பு, இரண்டாம் நரம்பு என்று எண் வைத்தே சொல்வார்கள். மெல்லுவதற்கு அதில் ஒன்று, விழியை அசைக்க மூன்று. முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் பட்டியலாக மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். முகத்தில் தொட்டுப் படித்தால் அப்படி மறக்காது.

படி 1: கடைவாய்ப் பல்லை இறுகக் கடியுங்கள். தாடை மூலைக்குச் சற்று மேலே விரலை வைத்தால் கெட்டியாகப் புடைக்கும். அது மாசெட்டர். கையை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடி கடியுங்கள்; அங்கே அசைவது டெம்போராலிஸ். இரண்டுக்கும் ஐந்தாம் நரம்பின் தாடைக் கிளைதான் எஜமான்.

படி 2: வாயைத் திறங்கள். இது பக்க டெரிகாய்டு என்ற தசையின் வேலை; இதற்கும் ஐந்தாம் நரம்புதான். உள்ளே இருப்பதால் கைக்கு அகப்படாது. வலது பக்க ஐந்தாம் நரம்பு பழுதானால், திறக்கும்போது தாடை வலப்பக்கமே கோணும். இடப்பக்கத் தசை தள்ள, எதிர்த்துத் தள்ள ஆள் இல்லை, அதனால்தான்.

படி 3: இதற்கு ஒரு நண்பர் வேண்டும். தலையை அசைக்காமல் உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். விரலை அவருடைய வலப்பக்கம் கொண்டு போங்கள். வலது கண்ணை வெளியே இழுப்பது ஆறாம் நரம்பு. இடது கண்ணை மூக்குப் பக்கம் இழுப்பது மூன்றாம் நரம்பு.

படி 4: விரலை அங்கிருந்தே கீழே இறக்குங்கள். இப்போது இடது கண்ணைக் கவனியுங்கள். மூக்கை ஒட்டி நிற்கும் அந்தக் கண்ணைக் கீழே இறக்குவது மேல் சாய்தசை. எனக்கு மிகவும் பிடித்த தசை இது. கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவது போல, கண்குழியின் உள்மூலையில் உள்ள ஒரு குருத்தெலும்பு வளையத்தில் நுழைந்து திரும்பித்தான் விழியைப் பிடிக்கிறது. இதை இயக்குவது நான்காம் நரம்பு. 12 ஜோடியிலும் மிக மெல்லியது, மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து கிளம்புவதும் இது ஒன்றுதான். இது பழுதானவர்களுக்கு மாடிப்படி இறங்கும்போது படிகள் இரண்டிரண்டாகத் தெரியும்.

அப்புறம் இடப்பக்கமும் இதையே செய்து பாருங்கள். விழியை அசைக்கும் மற்ற தசைகளும், மேல் இமையைத் தூக்கும் தசையும் மூன்றாம் நரம்பின் பொறுப்பு. திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் சோதித்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, மெல்லுவதும் கண்ணும் எங்கே சேர்கின்றன? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு மேல் இமை தாழ்ந்திருக்கும். பால் உறிஞ்சும்போது அந்த இமை மட்டும் வெடுக்கென்று மேலே போகும். டெரிகாய்டுக்குப் போகவேண்டிய ஐந்தாம் நரம்பின் இழை, மூன்றாம் நரம்பின் தசையான இமை தூக்கியைச் சேர்ந்துவிடுவதே காரணம். மார்கஸ் கன் என்ற கண் மருத்துவர் 1883-இல் இதை விவரித்தார். இமை தாழ்ந்த குழந்தையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது, பால் குடிக்கையில் இமை என்ன செய்கிறது என்பதையும் சொல்லுங்கள்.